நாலாவது நட்டு

அவருடைய பெயரை எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று பதில் வந்தது. யாரிடம் கேட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே இதில் அவர் வெறும் அக்காதான். பட்டறையிலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணாடியக்கா என்போம். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பது வயதிலும் ஊசியில் நூலை ஒரே தடவையில் கோக்கிற கண் அவருக்கு. பவுடர் டப்பா மூடியிலிருந்து பெயர்த்த ஒரு வட்டக் கண்ணாடி, அதை ஒட்டிவைக்கச் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று, பிடிக்கிற இடத்தில் கறுப்பு டேப். இதுதான் அவருடைய கண்ணாடி. எதன் பின்பக்கம் தெரியவில்லையோ அதற்குள் இதை விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு 'ம்' என்றால் வேலை முடிந்தது. 'ம்' வரவில்லை என்றால் முதலாளியே வந்து நின்றாலும் முடியவில்லை.

வடக்குத்து மெயின் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை அது. முதலாளியைச் சேர்த்து ஏழு பேர். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கு மெஷின் மூடிகள், மின் பெட்டிகள் செய்து கொடுப்போம். இடையில் மினி பஸ், வேன் என்று பாடி வேலையும் வரும். நான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாமான் வாங்கி வருவது, அளவு எழுதுவது, வந்தவர்களுக்குப் பதில் சொல்வது. அப்பா அதே சுரங்கத்தில் பெர்மனெண்டாக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். டவுன்ஷிப் பிளாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றிலும் இருந்த பையன்கள் எல்லோரையும் போல நானும் டிப்ளமோ முடித்துவிட்டு, என்றாவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. வடக்குத்தில் வந்து உட்கார்ந்தேன். ஆனால் டிப்ளமோ படித்தவன் என்கிற நினைப்பு மட்டும் என்னோடுகூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கதையின் பாதிக் கோளாறு அதில்தான் இருக்கிறது.

அக்கா ஊர் கம்மாபுரம் பக்கம். கணவர் இல்லை, ஒரே மகள். காலையில் மினி பஸ்ஸில் வந்து பட்டறை வாசலில் இறங்குவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறுவார். பஸ்ஸில் ஏறுமுன் முந்தானை முடிச்சிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு, துண்டால் தலையைச் சுற்றிக்கொள்வார். கிரைண்டர் சத்தத்துக்கு வைக்காத பஞ்சை பஸ்ஸுக்கு வைக்கிறாரே என்று எங்களுக்குச் சிரிப்பு வரும்.

பின்பக்கம் பார்க்கிற பழக்கம் தகரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொங்கலுக்கு முதலாளி புடவை எடுத்துக் கொடுத்தால் மற்ற பெண்கள் கரையைப் பார்ப்பார்கள். இவர் புடவையைப் புரட்டி உள்பக்கத்து நூலைப் பார்ப்பார். பலாப்பழ வண்டி வந்தால் தட்டிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பதெல்லாம் கிடையாது. பழத்தை உருட்டி, தரையில் படிந்து கிடந்த பக்கத்தைப் பார்ப்பார். பழக்காரன் திட்டுவான். மகளுக்கு ஓர் இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் வீட்டைப் பார்த்துவரப் போன அக்கா, பலகாரம் வைத்த தட்டைத் தொடாமல் நேராகத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாராம். திரும்பி வந்து, "பொண்ணு படிக்கட்டுங்க, இப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்துப் பக்கம் என்ன பார்த்தீர்கள் என்று நாங்கள் எத்தனையோ தடவை கேட்டும் சொல்லவில்லை.

"இன்னாத்துக்குக்கா எல்லாத்தையும் பின்னாடி பாக்கறீங்க?" என்று வெல்டர் ஒரு நாள் கேட்டார்.

"எங்கூட்டு சொவுத்த நீ பாத்ததில்லல்ல, அதான் கேக்கற" என்றார் அக்கா. "சொரங்கத்துக்கு நெலம் போனப்புறம் கட்டுன வூடு. மேஸ்திரி முன்னாடி பூசுனான் பாரு, மொகம் பாக்கலாம். பின்னாடி வெறும் மண்ணுல கல்ல அடுக்கி வெள்ளையடிச்சி வுட்டுட்டான். தானே புயல் வந்துச்சில்ல, முன் சொவுரு நிக்கிது, பின் சொவுரு முந்திரித் தோப்புல கெடக்குது. பொண்ணு அந்தாண்ட படுத்திருந்தா இன்னாயிருக்கும்?"

அதற்குப் பிறகு வெல்டர் கேட்கவில்லை. நாங்கள் கேலி செய்வதை மட்டும் விடவில்லை.

அவருடைய வேலை என்ன என்று சொல்ல வேண்டும். மெல்லிய தகரத்தில் மரை வெட்ட முடியாது. பெட்டிக் குழாய்க்குள் கையை விட்டு நட்டைப் பிடிக்கவும் முடியாது. அந்த மாதிரி இடங்களுக்கு ரிவெட் நட்டு. ஒரு சின்னக் குழல், வாயில் ஒரு விளிம்பு, உள்ளே மரை. சரியான அளவில் துளை போட்டு அதைச் சொருகி, கன் என்று நாங்கள் சொல்லும் கைக்கருவியின் முனையில் இருக்கும் திருகை அதற்குள் திருகி, கைப்பிடியை அழுத்தினால் திருகு நட்டை நம் பக்கமாக இழுக்கும். தகரத்துக்குப் பின்னால் நட்டின் வயிறு உப்பிக்கொண்டு, விளிம்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் தகரம் இறுக மாட்டிக்கொள்ளும். நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். குறைத்து இழுத்தால் வயிறு பாதிதான் உப்பும்; போல்ட்டை முடுக்கும்போது நட்டும் சேர்ந்து சுற்றும். அதிகமாக இழுத்தால் மரை போய்விடும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். அக்கா கைக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கையை நம்பமாட்டார், கண்ணாடியை விட்டுப் பார்ப்பார்.

பட்டறையில் இருந்த பழைய கன் உடைந்தபோது புதிது வாங்கி வரச் சொல்லி முதலாளி என்னைக் கடலூருக்கு அனுப்பினார். கிளம்பும்போது அக்கா, "தம்பி, ரெண்டு கையால அமுக்கறது, நீட்டுக் கை வச்சது இருக்கும். அதப் பாத்து வாங்கிக்கினு வாங்க" என்றார். கடையில் அதுவும் இருந்தது. அரை கை நீளத்துக்கு இரண்டு கைப்பிடியோடு, கம்பி வெட்டுகிற சாமான் போல அழுக்காக ஒரு மூலையில் கிடந்தது. பக்கத்திலேயே கண்ணாடி அலமாரியில் இன்னொன்று. பிளையர் அளவு, சிவப்பு ரப்பர் பிடி, அழகான பெட்டி, பெட்டிக்குள் மூன்று எம்எம் முதல் எட்டு எம்எம் வரைக்கும் முனைகள் வரிசையாகப் பதிந்து கிடந்தன.

கடைக்காரர், "அலுமினிய நட்டுக்கா, இரும்பு நட்டுக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல டிப்ளமோ விடவில்லை. "எல்லாத்துக்கும்தான்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு நான் காட்டிய சிவப்புப் பிடியை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா அதை வைத்து ஒரு வாரம் வேலை பார்த்தார். நாலு, ஐந்து, ஆறு எம்எம் எல்லாம் வெண்ணெயாகப் போயிற்று. எட்டு எம்எம் இரும்பு நட்டு வந்த அன்று என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, இது ஆறு வரைக்கும் நல்லா இழுக்குதுங்க. எட்டு இரும்புக்கு இதால முடியல. அலுமினியம்னா இழுத்துடும்."

"பெட்டியில எட்டுன்னு போட்டிருக்கே அக்கா?"

"பெட்டியில போட்டவன் இழுத்துப் பாத்தானாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இதை வைத்தே செய்யுங்கள், அழுத்திச் செய்தால் வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பிடியை மேசையில் முட்டுக் கொடுத்து, மறு பிடியின் மேல் உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அழுத்துவார். நட்டு உட்கார்ந்துவிடும். பார்த்தீர்களா என்று நான் வெல்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மேசையில் வைக்க முடியாத வேலை ஒன்று வந்தது. அக்கா ஏறி வருகிற அதே மினி பஸ். படிக்கட்டுப் பக்கத்துத் தூண் துருப்பிடித்துவிட்டது என்று புதிதாகப் பெட்டிக் குழாய் வைத்தோம். ஏறுகிறவர்கள் பிடிக்கிற கம்பியை அதில் பொருத்த வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு, நாலு இரும்பு நட்டு, எட்டு எம்எம். கீழ் இரண்டையும் அக்கா முழங்காலில் முட்டுக் கொடுத்து இழுத்துவிட்டார். மேல் இரண்டும் தலைக்கு மேல் உயரம். முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பல்லைக் கடித்து இரண்டு கையாலும் நெரித்தார். ஒன்று உட்கார்ந்தது. நாலாவதில் கை வழுக்கிவிட்டது. தூணின் மேல் வாய் அப்போது திறந்திருந்தது. கூரைப் பட்டை இன்னும் போடவில்லை. செல்போன் லைட்டை அடித்துக் கண்ணாடியை உள்ளே இறக்கிப் பார்த்தார். 'ம்' வரவில்லை.

"பாதிதாங்க உப்பிக்கினு இருக்குது. போல்ட்டு போட்டா சுத்தும்."

போட்டுப் பார்த்தேன். முடுக்கும்போது கடைசியில் மெல்லச் சுற்றியது.

"இத வெட்டி எடுத்துட்டு வேற போடணும். அதுக்கு நீட்டுக் கை கன் வேணுங்க. வாங்கியாந்துட்டா பத்து நிமிசம்."

மறுநாள் காலை வண்டி எஃப்சி எடுக்க ஆர்டிஓ ஆபீசுக்குப் போயாக வேண்டும். பஸ் முதலாளி கொட்டகைக்கு வெளியே நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி, ஆயிற்றா என்று உள்ளேயிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார். கன் சரியில்லை என்று சொன்னால் யார் வாங்கிய கன் என்று கேட்பார்கள். நட்டின் விளிம்பைச் சுற்றிப் பசையைத் தடவினேன். போல்ட்டை மெதுவாகச் சுற்றுகிற மட்டும் சுற்றி நிறுத்தினேன். மேலே பெயிண்ட் அடித்தேன். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாலுல மூணு புடிச்சிருக்குக்கா. ஒன்னும் ஆகாது."

"மூணு புடிச்சிக்கினு இருக்கறதாலதாங்க நாலாவது தெரியமாட்டேங்குது."

"வெளியில சொல்லிடாதீங்க. எஃப்சி முடிஞ்சி வண்டி வரட்டும், நான் வரச் சொல்லி மாத்திடறேன். சத்தியமா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புடவையின் உள்பக்கத்தைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "சொல்லலீங்க" என்றார். அவ்வளவுதான். சொல்லவும் இல்லை.

வண்டி எஃப்சி முடிந்து ஓட ஆரம்பித்த வாரமே அக்கா உட்கார்வதை விட்டுவிட்டார். அதற்கு முன் நடு சீட்டில், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து போகிறவர். இப்போது படிக்கட்டுக்கு மேல், கம்பிக்கும் ஏறுகிறவர்களுக்கும் நடுவில் நின்றார். யாராவது ஏற வந்து கம்பிக்குக் கை நீட்டினால் அதற்குள் தன் கையைக் கொடுப்பார். "இந்தா, இதப் புடிச்சிக்க கண்ணு" என்பார். கூடைக்காரப் பெண்கள், யூனிபார்ம் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து கரித்தூளோடு வருகிற காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் அந்தக் கைதான். பட்டறை கேட்டில் நின்று தினமும் பார்ப்பேன். "உள்ள போம்மா, சீட்டு காலியாத்தான கெடக்குது" என்று கண்டக்டர் கத்துவார். அக்கா காதில் பஞ்சு, கேட்காத மாதிரி நிற்பார். பஸ்ஸில் அவருக்கு வேறு பெயர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கைகொடுக்கிற அம்மா. சிலர் கொஞ்சம் மரை கழன்ற கேஸ் என்றும் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து, வேறு ஒரு பெரிய வேலைக்காக முதலாளியே நீட்டுக் கை கன்னை வாங்கி வந்தார். அன்று அக்கா அதைக் கையில் வாங்கி, பிடியைப் பிரித்துச் சேர்த்துப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"வந்துடுச்சிங்க தம்பி. அந்த பஸ்ஸ ஒரு நாளு வரச் சொல்லுங்க. பத்து நிமிசந்தான்."

"சொல்றேன்க்கா."

கன் சுவரில் ஆணியில் தொங்கியது. பஸ் எங்கள் வாசலில் தினமும் பலமுறை நின்று போனது. வாரத்துக்கு ஒரு தடவை அக்கா வந்து அதையே சொல்வார். நானும் அதையே சொல்வேன். பஸ் முதலாளிக்குப் போன் போட்டு என்னவென்று சொல்வது? எஃப்சிக்கு அனுப்பிய வண்டியில் பழுது வைத்து அனுப்பினேன் என்றா? ஏதாவது சாக்கு சொல்லி வரவழைத்திருக்கலாம். இன்று பத்து சாக்கு தோன்றுகிறது. அன்று ஒன்றுகூடத் தோன்றவில்லை, தோன்றுவதற்கு நான் இடமும் கொடுக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் என் பைக் பழுதாகி நின்றுவிட, நானே அந்தப் பஸ்ஸில் ஏற நேர்ந்தது. மழையில் ஓடிவந்து ஏறியவன் எதையும் யோசிக்காமல் கம்பியைப் பிடிக்கப் போனேன். என் புறங்கையில் ஓர் அடி விழுந்தது. அக்கா.

"நீங்களே புடிச்சா எப்பிடீங்க?" என்றார். அப்புறம் கையை நீட்டினார்.

பிடித்து ஏறினேன். உள்ளங்கை காய்ப்பேறிக் கெட்டியாக இருந்தது. டவுன்ஷிப் ரவுண்டானாவில் நான் இறங்குகிறவரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்றேன். கதவில்லாத படிக்கட்டு வழியாகச் சாரல் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றார். உள்ளே வாருங்கள் அக்கா என்று ஒரு தடவை சொன்னேன். "நீங்க பஸ்ஸ வரச் சொன்னீங்கன்னா நான் உள்ள போயிடறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த நாள் கட்டாயம் போன் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அடுத்த நாள் வெயில் அடித்தது, மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அது நடந்தது. சாயங்காலம். எதிரே ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு, நகர ஆரம்பித்த வண்டியில் ஏறப் பார்த்திருக்கிறார். கம்பியை நோக்கி அவர் கை போயிருக்கிறது. அக்கா குனிந்து அந்தக் கையைப் பிடித்து மேலே இழுத்திருக்கிறார். டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் குழந்தையும் உள்ளே விழுந்தார்கள். அக்கா வெளியே விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

வண்டியைப் பார்க்கப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பாடி வேலை செய்தவர்கள் என்பதால் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் படிக்கட்டைப் பார்த்தார், கம்பியைப் பிடித்து உலுக்கினார். பஸ் முதலாளி உலுக்கினார். நானும் உலுக்கினேன். அசையவில்லை. மூன்று நட்டு பிடித்துக்கொண்டிருந்தது.

"கம்பி கல்லு மாதிரிதான சார் இருக்குது" என்றார் கண்டக்டர். "உள்ள போம்மா, உள்ள போம்மான்னு டெய்லி அடிச்சிக்குவேன். கேட்டாதான? படியில நிக்கறது அந்தம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் சார்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதை எழுதிக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. படியில் நின்று தானாக விழுந்தவர் என்று ஊர் முழுக்க ஆயிற்று.

மடங்கிப்போன படியை நிமிர்த்த வண்டி எங்கள் கொட்டகைக்கே வந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஆணியிலிருந்து நீட்டுக் கை கன்னை எடுத்தேன். நாலாவது போல்ட்டின் தலையை கிரைண்டரில் அறுத்தேன். நட்டின் விளிம்பைத் துளைத்து எடுத்ததும், மீதி உடம்பு போல்ட்டோடு சேர்ந்து தூணுக்குள் விழுந்து, அடிவரைக்கும் உருண்டு போகிற சத்தம் கேட்டது. புது நட்டைச் சொருகி, இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். முழுதாக உட்கார்ந்து கை நின்ற இடம் எனக்கே தெரிந்தது. புது போல்ட்டை முடுக்கி, பெயிண்ட் அடித்துவிட்டு மணி பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து அக்காவின் மகள் பட்டறைக்கு வந்தாள். கடலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், பத்தொன்பது வயது. அம்மாவின் சாமான்களை வாங்கிப் போக வந்திருந்தாள். டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, பழைய செருப்பு, உருண்டையாகச் சுற்றி வைத்த பஞ்சு, அப்புறம் அந்தக் கண்ணாடி. எல்லாவற்றையும் என் மேசையில் எடுத்து வைத்தேன். அவள் பஞ்சு உருண்டையை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒன்னு கேக்கணும். பஸ்ல சீட்டு காலியா கெடந்துதாம். எங்கம்மா ஏண்ணா படியிலயே நின்னுக்கினு வந்துச்சு? எல்லாரும் அதுக்குக் கொழுப்புன்னு பேசறாங்க. உங்ககிட்ட எதுனா சொல்லியிருக்கா?"

என் பின்னால் சுவரில் கன் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படியோ ஒரு பொய் மட்டும் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"காத்துக்காகத்தாம்மா இருக்கும். உள்ள புழுக்கமா இருக்கும்ல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் காத்து ஆவாதுண்ணா" என்றாள். "காது வலி உயிரு போயிடும். அதுக்குத்தான் இது." உள்ளங்கையைத் திறந்து பஞ்சைக் காட்டினாள்.

சாமான்களைப் பையில் போட்டாள். கண்ணாடிக் கம்பியைத் தூக்கிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். பின்னாடி பார்க்கிறதுக்கு என்றேன். "அப்ப இங்கயே இருக்கட்டும்ண்ணா. எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் ஆவும்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் கண்ணாடியை நான் ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. மேசை டிராயரில் கிடந்தது. டிராயரை இழுக்கும்போதெல்லாம் கூரைத் தகரமோ என் சட்டைக் காலரோ அதில் ஒரு கணம் தெரிந்து போகும். வேறு சாமான் எடுப்பதற்காகத் திறந்தவன் எதை எடுக்க வந்தோம் என்று மறந்து மூடிவிடுவேன். மூன்று வருடம் இப்படிப் போயிற்று. வீட்டில் இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்து வேறு பேச்சுக்கு மாறியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அதே மினி பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். வண்டி வந்தது. நான் போட்ட நட்டு, நான் இழுத்தது. அந்தக் கம்பி எவ்வளவு உறுதி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் என் கை அதற்குப் போகவில்லை. உள்ளே, ஆள் இல்லாத இடத்தை நோக்கி நீண்டுகொண்டு நின்றது.

"கம்பியப் புடிச்சி ஏறுங்க சார்" என்று புதுக் கண்டக்டர் கத்தினார்.

பிடிக்காமல்தான் ஏறினேன். தூணுக்குப் பக்கத்து சீட்டில் இடம் கிடைத்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் தூணுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. "ரொம்ப நாளா உள்ள இன்னாவோ உருளுது சார். எத்தினியோ மெக்கானிக்கு பாத்துட்டான், இன்னான்னு தெரியல" என்றார் கண்டக்டர். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். முதலில் சொல்ல வேண்டியது அவரிடம் இல்லை என்று நிறுத்திக்கொண்டேன். அவர்கள் ஊர் வரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன்.

வீட்டைக் கேட்டு விசாரித்துப் போனேன். பின் சுவர் புதிதாகக் கட்டி, இரண்டு பக்கமும் பூசியிருந்தது. அவள் நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிற நேரம். வெள்ளைப் புடவையில் வாசலுக்கு வந்தாள். பெயரை எழுதலாமா என்று பிற்பாடு நான் கேட்டது இவளிடம்தான். உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை. என் கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தின் நுனியில் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தாள்.

"சொல்லுங்கண்ணா" என்றாள். "காத்துன்னு மட்டும் சொல்லாதீங்க."

கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கடலூருக்குக் கன் வாங்கப் போன நாளிலிருந்து தொடங்கினேன்.